இருபது குரல் வரும், வேலையை விடலாமா?

பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 23. ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. எம்.ஆர்.ராதாவில் தொடங்கி விஜய் சேதுபதி வரைக்கும் இருபது குரல் எடுப்பாராம். ஊர்த் திருவிழாவில் இரண்டு தடவை மேடை ஏறியிருக்கிறார், நல்ல கைத்தட்டு. அவர் கேட்பது இரண்டு விஷயம். டிவியில் நடிகர்களைப்போலப் பேசி, ஸ்கிட் (குட்டி நகைச்சுவை நாடகம்) போட்டுப் பேர் வாங்கினவர்கள் எப்படி மேலே போனார்கள், அதே திறமை இருந்தும் சிலர் ஏன் அங்கேயே நின்றுவிட்டார்கள்? இதை நம்பி வேலையை விடலாமா?

நான் கிருஷ்ணகிரிக்காரன். 1997லிருந்து இந்த வட்டாரத்தில் மேடை ஏறுகிறேன். முதலில் ஆர்கெஸ்ட்ராவில் மிமிக்ரி, பிறகு நாலு பேர் சேர்ந்து ஸ்கிட் குழு, இப்போது பெரும்பாலும் எழுதிக் கொடுப்பதும் பிள்ளைகளைப் பழக்குவதும்தான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: வேலையை இப்போதைக்கு விடாதீர்கள் தம்பி. உங்களிடம் திறமை இல்லை என்பதற்காகச் சொல்லவில்லை. இருபது குரல் வைத்திருப்பது ஒரு சொத்து. ஆனால் இந்தத் தொழிலில் பத்து வருஷம் நின்றவர்களைப் பார்த்தால், குரலால் மட்டும் நின்றவர் ஒருத்தர்கூடக் கிடையாது. அந்தக் குரலை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது, அங்கே அதை என்ன பேசவைப்பது என்று எழுதத் தெரிந்தவர்கள்தான் நின்றிருக்கிறார்கள். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

நம் ஊர்ப் பக்கம் மிமிக்ரி எப்படி வந்தது என்று பாருங்கள். இன்னிசைக் கச்சேரியில் பாடகர் தண்ணீர் குடிக்கணும், கீபோர்டுக்காரர் அடுத்த பாட்டுக்கு செட் பண்ணணும். அந்த ஏழெட்டு நிமிஷத்தை நிரப்பத்தான் எங்களை மைக்கைக் கொடுத்து அனுப்புவார்கள். "இதோ நடிகர் திலகம்", "இதோ நம்ம சூப்பர் ஸ்டார்" என்று ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு, ஆளுக்கு இரண்டு வரி வசனம். கண்டக்டர் ஸ்டாப்பிங் பேர் சொல்லிக்கொண்டே போகிற மாதிரி ஒரு வரிசை. இதில் கிடைக்கிற கைத்தட்டு எது தெரியுமா? "அட, அப்படியே இருக்குதே" என்று அடையாளம் கண்டுகொண்ட சந்தோஷம். அதில் பாதி அந்த நடிகருக்குச் சேரும். அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம் இருக்கும். இரண்டாவது நிமிஷத்தில் ஜனங்கள் "சரி, அப்புறம்?" என்று பார்ப்பார்கள். அந்த "அப்புறம்"க்குப் பதில் வைத்திருப்பவனைத்தான் அடுத்த வருஷமும் கூப்பிடுவார்கள்.

கேரளத்தில் இது சீக்கிரமே பிடிபட்டது. கொச்சின் கலாபவன் என்கிற கலை அமைப்பு 1981ல் எர்ணாகுளத்தில் 'மிமிக்ஸ் பரேட்' என்று ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. அதுவரை ஒரே ஆள் நின்று குரல் காட்டுவது மிமிக்ரி. இவர்கள் குழுவாக நின்று, காட்சி காட்சியாகக் கட்டி, அதையே ஒரு மாலை முழுக்க நடக்கிற நிகழ்ச்சியாக்கினார்கள். பாடகருக்கு ஓய்வு கொடுப்பதற்காக வந்த கலை தனியாக டிக்கெட் வைக்கிற கலையானது அப்போதுதான். அந்த முதல் குழுவில் இருந்த சித்திக்கும் லாலும் பின்னால் சேர்ந்து படம் இயக்கப் போனார்கள். தமிழில் 2001ல் 'ஃப்ரெண்ட்ஸ்' எடுத்தாரே, அதே சித்திக். கலாபவனிலிருந்து வந்த ஜெயராம் 1988ல் கதாநாயகனாகவே அறிமுகமானார். மிமிக்ரி மேடையிலிருந்து இயக்குநர்கள் வந்தது தற்செயல் கிடையாது. மேடைக்குக் காட்சி எழுதிப் பழகின கைதான் திரைக்கதையும் எழுதியது.

நம் பக்கத்தில் அந்த வேலையைச் செய்தவர் மயில்சாமி. சத்தியமங்கலத்துக்காரர். லட்சுமணனோடு சேர்ந்து அவர் கொடுத்த 'சிரிப்போ சிரிப்பு' கேசட்டை டீக்கடையிலும் டவுன் பஸ்ஸிலும் கேட்டு வளர்ந்தவன் நான். கேசட்டில் முகம் கிடையாது, கெட்டப் கிடையாது. வெறும் குரலை வைத்துக்கொண்டு ஒரு இடத்தைக் காட்டணும், அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியவைக்கணும். குரல் மாறுகிற இடத்தில் ஒரு வினாடி தடுமாறினால்கூடக் கேட்கிறவனுக்குக் குழம்பிவிடும். அந்தக் கேசட்டை ஐம்பது தடவை கேட்டவர்களும் ஐம்பத்தோராம் தடவை சிரித்தார்கள் என்றால், சிரிப்பு குரலின் ஒற்றுமையில் இல்லை, நிலைமையில் இருந்தது என்று அர்த்தம். மயில்சாமி 1984ல் 'தாவணிக் கனவுகள்' படத்தில் தலைகாட்டி, 2023 பிப்ரவரியில் காலமாகும் வரைக்கும் நாற்பது வருஷம் சினிமாவில் இருந்தார். சின்னி ஜெயந்த், தாமு இவர்களெல்லாம் அந்தத் தலைமுறை. தாமு பிற்பாடு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் மாணவர்களிடம் பேசுகிறவராக மாறினார். கூட்டத்தைக் கையில் வைத்திருக்கிற வித்தை மிமிக்ரி மேடை கொடுத்தது, அதை அவர் வேறு காரியத்துக்குத் திருப்பிக்கொண்டார்.

அடுத்தது டிவி. 2005ல் விஜய் டிவியில் 'கலக்கப்போவது யாரு' தொடங்கியது. பிறகு சன் டிவியில் 'அசத்தப்போவது யாரு'. அதுவரை ஜில்லா ஜில்லாவாகச் சிதறிக் கிடந்த ஆட்களை ஒரே மேடைக்குக் கொண்டுவந்தவை இவை. மதுரை முத்து, ஈரோடு மகேஷ், கோவை குணா என்று பேருக்கு முன்னால் ஊரே வந்து உட்கார்ந்தது. இன்னொரு பக்கம் 'லொள்ளு சபா'. அது படங்களையே எடுத்துக் கிண்டல் செய்த நிகழ்ச்சி. ரஜினி ஸ்டைலை ஜீவா செய்ததும், சந்தானம் அங்கிருந்து சினிமாவுக்குப் போனதும் உங்களுக்குத் தெரியும். பிறகு 'அது இது எது'வில் 'சிரிச்சா போச்சு' சுற்று. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர் சிரிக்கக் கூடாது, எதிரில் நிற்கிறவர்கள் சிரிக்கவைக்கணும். ஒரு ஸ்கிட்டுக்கு அதைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது. ஏனென்றால் குரலைக் கேட்டுச் சிரிப்பதை ஒருவன் கஷ்டப்பட்டு அடக்கிவிடலாம். எதிர்பாராத இடத்தில் வந்து விழுகிற வார்த்தையை அடக்க முடியாது.

மூன்று பேரை மட்டும் எடுத்துச் சொல்கிறேன்.

சிவகார்த்திகேயன் திருச்சியில் என்ஜினீயரிங் படித்துக்கொண்டே குரல் பழகினவர். 'கலக்கப்போவது யாரு'வில் மிமிக்ரி செய்துதான் உள்ளே வந்தார். ஆனால் அதோடு நிற்கவில்லை. தொகுப்பாளராக மைக் பிடித்த காலத்தில் சொந்தக் குரலில், சொந்தப் பேச்சில் எதிராளியைச் சமாளிக்கப் பழகிக்கொண்டார். 2012ல் 'மெரினா'வில் நாயகனானபோது, அவர் யாரைப்போலப் பேசுகிறார் என்று யாரும் தேடவில்லை. 2024ல் 'அமரன்' படத்தில் மேஜர் முகுந்த் வரதராஜனாக நின்றார். இடையில் இருந்த தொகுப்பாளர் வருஷங்களைப் பலபேர் கணக்கிலேயே எடுப்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. மிமிக்ரியையும் நடிப்பையும் இணைத்த பாலம் அதுதான்.

ரோபோ சங்கர் மதுரைக்காரர். ரோபோ மாதிரி உடம்பை வெட்டி வெட்டி ஆடின ஆட்டத்தால் வந்த பேர் அது. கிராமத்து மேடையிலிருந்து டிவிக்கும், அங்கிருந்து 'மாரி' மாதிரிப் படங்களுக்கும் போனார். அவருக்குக் குரலைவிட உடம்புதான் முதல் கருவி. 2025 செப்டம்பரில், ஐம்பது வயதுகூட ஆகாமல் போய்விட்டார்.

வடிவேல் பாலாஜியைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைக்கும். வடிவேலுவின் நடையையும் உடல்மொழியையும் அவ்வளவு நுணுக்கமாகக் கொண்டுவந்தவர் வேறு யாரும் இல்லை. பெண் வேஷத்தில் வந்தால் அரங்கமே அதிரும். பேரிலேயே இன்னொரு நடிகர் பேர் ஒட்டிக்கொண்டது. அது அவருக்குக் கதவையும் திறந்தது, அந்தக் கதவுக்குள்ளேயே நிறுத்தியும் வைத்தது என்று நினைக்கிறேன். சினிமாவில் அவர் தகுதிக்கேற்ற வேஷம் வரவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மேடை எல்லாம் மூடிக் கிடந்த வருஷம். அந்த செப்டம்பர் 10 அன்று காலமானார். அந்த வருஷம் எங்கள் குழுவில் ஒருத்தர் காய்கறி வண்டி தள்ளினார், இன்னொருத்தர் மாங்காய் மண்டியில் லோடு ஏற்றினார். மேடைக் கலைஞனுக்கு மாதச் சம்பளம் கிடையாது, பி.எஃப். கிடையாது. உங்கள் சிப்காட் வேலையை விடாதீர்கள் என்று முதலிலேயே சொன்னதற்கு இந்த வருஷமும் ஒரு காரணம்.

இப்போது நம் மண்ணுக்கு வருகிறேன். தம்பி, நீங்கள் இருக்கிற தருமபுரி ஜில்லா தெருக்கூத்து உயிரோடு இருக்கிற இடம். திரௌபதி அம்மன் கோயில்களில் கோடையில் பாரதம் வைத்தால் அர்ச்சுனன் தபசு, துரியோதனன் படுகளம் என்று பதினெட்டு நாளும் ஊர் விழித்திருக்கும். அதில் கட்டியங்காரன் என்று ஒருத்தர் வருவார். திரைக்குப் பின்னால் ராஜா நிற்கும்போது இவர் முன்னால் வந்து "யாரய்யா நீர்?" என்று கேட்டு, ராஜாவின் நடையையே நடந்து காட்டுவார். துரியோதனன் சபையில் நடக்கிற பேச்சுக்கு நடுவே, போன வாரம் ஊரில் போர்வெல் போட்டுத் தண்ணீர் வராத கதையைச் செருகுவார். இது என்ன? இதுதான் ஸ்கிட். பிரபலத்தைப்போல நடித்து, அந்தப் பிரபலத்தை உள்ளூர்ப் பிரச்சனைக்குள் நிறுத்துவது. டிவிக்காரர்கள் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை.

காரிமங்கலம் பக்கம் ஒரு ஊரில் அப்படி ஒரு பெரியவர் இருந்தார். கட்டியங்காரன் வேஷத்தில் நாற்பது வருஷம் ஆடினவர். 2001 என்று ஞாபகம். கூத்துக்கு முந்தின நிகழ்ச்சியாக என்னை மேடை ஏற்றியிருந்தார்கள். இறங்கி வந்தபோது அவர் அரிதாரம் பூசிக்கொண்டிருந்தார். ஒரு கையில் கொட்டாங்குச்சியில் குழைத்த வெள்ளை, இன்னொரு கையில் ஈர்க்குச்சி. கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்:

"தம்பி, எம்.ஆர்.ராதா மாதிரி பேசுனீங்களே, அவரு எந்த எடத்துல மூச்சு எடுப்பாரு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வசனம் தெரியும், இழுப்பு தெரியும், மூச்சைக் கவனித்ததே இல்லை.

"மூச்சு எடுக்குற எடத்துலதான் மனுசன் யோசிக்கிறான். அத புடிச்சா அவரு பேசாத பேச்சயும் நீங்க பேசலாம். புடிக்கலன்னா அவரு பேசுனதத்தான் திருப்பிப் பேசிக்கிட்டு இருப்பீங்க."

வீட்டுக்குப் போய் எம்.ஆர்.ராதாவின் பேச்சை மறுபடி மறுபடி போட்டுக் கேட்டேன். அவருக்கு இரண்டு குரல். ஒன்று மூக்குக்கு மேலே ஏறுகிற கீச்சுக் குரல், இன்னொன்று அடிவயிற்றிலிருந்து வருகிற கட்டைக் குரல். ஒரே வாக்கியத்தில் மேலேயிருந்து கீழே தொப்பென்று விழுவார். விழுகிற அந்த இடத்துக்கு முன்னால் ஒரு சின்ன நிறுத்தம். எதிராளியை எடை போடுகிற நிறுத்தம் அது. அதைப் பிடித்த பிறகு, ஈபி ஆபீசில் மீட்டர் ரீடிங்கைப் பற்றி எம்.ஆர்.ராதா என்ன கேட்பார் என்று என்னால் எழுத முடிந்தது. பழைய பட வசனம் தேவைப்படவில்லை.

அப்படி நான் எழுதினதில் அதிக ஊர் பார்த்த ஸ்கிட் ஒன்றைச் சொல்கிறேன். ரேஷன் கடை வரிசை. ரகுவரன் நிற்கிறார். ரகுவரன் சத்தம் போடவே மாட்டார், ஒரே சொல்லை வேறு வேறு கனத்தில் திருப்பிச் சொல்லுவார். மெஷினில் கைரேகை வைக்கச் சொல்கிறார்கள். விழவில்லை. இன்னொரு விரல். விழவில்லை. கடைக்காரர் "ரேகை மேட்ச் ஆகலீங்க, அடுத்த ஆளு" என்கிறார். ரகுவரன் கையைத் தூக்கி அவரே பார்க்கிறார். "கை இருக்கு." நிறுத்தம். "ரேகை இருக்கு." நீள நிறுத்தம். "நான்... இல்லையா?" அவ்வளவுதான். அந்தக் கடைசி வரியில் சிரிப்பது யார் தெரியுமா? முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிற பாட்டிமார்கள். களை வெட்டியும் புளி தட்டியும் ரேகை தேய்ந்தவர்கள். அவர்களில் பாதிப்பேருக்கு ரகுவரனைச் சரியாக ஞாபகம்கூட இருக்காது. 2008ல் இறந்துபோன நடிகர். ஆனால் அந்த மெஷின் முன்னால் அவர்களும் நின்றிருக்கிறார்கள்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. குரல்களுக்கு வயதாகும். நான் தொடங்கினபோது சுருளிராஜன் குரலுக்கு நிச்சயமான கைத்தட்டு உண்டு. அவர் போனது 1980ல். இன்றைக்குக் கல்லூரி விழாவில் அந்தக் குரலை எடுத்தால் பிள்ளைகள் முகத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். குரலை மட்டும் நம்பினவன் இருபது வருஷத்தில் பாதிச் சரக்கை இழந்துவிடுவான். காட்சி நன்றாக இருந்தால் அந்தப் பாட்டிமார்போல, ஆளைத் தெரியாதவர்களும் சிரிப்பார்கள்.

யாரைச் செய்யலாம், எதுவரை செய்யலாம் என்பதில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. 1967 ஜனவரியில் எம்.ஆர்.ராதா சுட்டதில் எம்.ஜி.ஆர். கழுத்தில் குண்டு பாய்ந்து அவர் குரலே மாறிப்போனது. அதற்குப் பிறகும் அவர் தன் குரலிலேயே பத்து வருஷம் நடித்தார், முதலமைச்சராகப் பேசினார். ஜனங்கள் அந்தக் குரலை அவருடையதாகவே ஏற்றுக்கொண்டார்கள். அதனால் மேடையில் அந்தக் குரலை எடுக்கும்போது பாசத்தோடு எடுத்தால் யாருக்கும் வலிப்பதில்லை. ஆனால் விஜயகாந்த் விஷயம் வேறு. உடல்நிலை கெட்டுப் பேச்சுக் குழறின வருஷங்களில் அந்தக் குழறலையே எடுத்துச் சிரிக்கவைத்த மேடைகளை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் குழுவில் அதற்குத் தடை போட்டேன். கம்பீரமாகப் புள்ளிவிவரம் அடுக்குகிற விஜயகாந்த் போதும். அவர் கிருஷ்ணகிரி டோல்கேட்டில் நின்று, இதுவரை எத்தனை வண்டி, எத்தனை ரூபாய் என்று மூச்சுவிடாமல் கணக்குக் கேட்கிற ஸ்கிட் இன்றைக்கும் ஓடுகிறது. அவர் கட்சிக்காரர்களே ஒன்ஸ்மோர் கேட்பார்கள். மனிதனுடைய குணத்தைச் செய்யுங்கள், நோயைச் செய்யாதீர்கள்.

அதிகாரத்தில் இருப்பவர்களைச் செய்வதில் அபாயமும் உண்டு. அமெரிக்காவில் டானா கார்வி என்கிற நகைச்சுவை நடிகர் அந்த நாட்டு ஜனாதிபதி ஜார்ஜ் புஷ்ஷை டிவியில் வருஷக்கணக்கில் செய்தார். 1992 தேர்தலில் தோற்ற பிறகு புஷ்ஷே அவரை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, தன் ஊழியர்களுக்கு முன்னால் தன்னைப்போலவே பேசவைத்துச் சிரித்தார். அதே மாதிரி வேலையைச் செய்த நம் நாட்டு நடிகர் கிக்கு ஷார்தா, வடக்கே செல்வாக்கோடு இருந்த சாமியார் குர்மீத் ராம் ரஹீம் மாதிரி வேஷம் போட்டதற்காக 2016 ஜனவரியில் கைது செய்யப்பட்டார். ஊர் மேடையில் இருக்கிற நமக்கு நீதிமன்றம் வரை போக வசதி கிடையாது. சாதி, சாமி, ஊரில் அந்த நேரத்தில் புகைந்துகொண்டிருக்கிற தகராறு, இந்த மூன்றையும் விழாக் குழுவிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டுதான் நான் மேடை ஏறுவேன்.

சட்டத்தையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். ரஜினிகாந்த் தன் பேரையும் பாணியையும் ஒரு இந்திப் படத்தில் அனுமதியில்லாமல் பயன்படுத்தினதற்கு எதிராக வழக்குப் போட்டு, 2015ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கினார். அனில் கபூர் 2023ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தன் குரல், உருவம், தனக்கே உரிய ஒரு சொல் வரைக்கும் பாதுகாப்பு வாங்கினார். நையாண்டிக்கும் கேலிக்கும் இடம் உண்டு என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஆனால் சரக்கு விற்பதற்கு அந்தக் குரலைப் பயன்படுத்துவது வேறு கதை. நம் பக்கம் ஜவுளிக்கடைத் திறப்புக்கு ஆட்டோவில் மைக் கட்டி "நான் ரஜினி பேசறேன்" என்று ஒலிபரப்புவார்கள் பாருங்கள், அதற்குக் குரல் கொடுக்கக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நான் முன்பு கொடுத்திருக்கிறேன், இப்போது கொடுப்பதில்லை.

தொண்டையைப் பற்றிக் கட்டாயம் சொல்லியாகணும். பேசும்போது ஆண்களுக்குக் குரல் நாண்கள் வினாடிக்கு நூறு தடவைக்கு மேல் ஒன்றோடொன்று மோதுகின்றன, பெண்களுக்கு ஏறத்தாழ இருநூறு தடவை. நம்பியார் உறுமலும் எம்.ஆர்.ராதாவின் கட்டைக் குரலும் அந்த நாண்களை இறுக்கி நெரிக்கிற வேலை. 2009ல் சித்திரை மாதத்தில் தொடர்ந்து நாலு ராத்திரி நிகழ்ச்சி. ஒரு ஊரில் மானிட்டர் ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை. என் குரல் எனக்கே கேட்காததால் கத்திக் கத்திப் பேசினேன். மறுநாள் காலையில் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. சேலத்தில் காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்துவிட்டு, நாண்கள் வீங்கியிருக்கின்றன, இரண்டு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்றார். குசுகுசுவென்று பேசலாமா என்று எழுதிக் காட்டினேன். அதுவும் கூடாது, அப்படிப் பேசினாலும் நாண்கள் இறுகும் என்றார். அந்த சீசனே போனது. அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். உறுமல் குரல்களை அடுத்தடுத்து வைக்காமல் நடுவில் ரகுவரன், பாக்யராஜ் மாதிரி மென்மையான குரலைப் போட்டு ஆற்றிக்கொள்வது. மேடைக்கு அரை மணி முன்னால் மெதுவாக முணுமுணுத்துத் தொண்டையைச் சூடாக்குவது. மானிட்டரைச் சோதிக்காமல் மேடை ஏறுவதில்லை.

பணம். எனக்குக் கிடைத்த முதல் தொகை 150 ரூபாயும் ராத்திரிச் சாப்பாடும். இன்றைக்கு நிலைமை மேல், ஆனால் வருஷம் முழுக்க வராது. தையில் பொங்கல் விழா தொடங்கி மாசி, பங்குனி, சித்திரையில் மாரியம்மன் பண்டிகை என்று வைகாசி வரைக்கும் ஓட்டம். ஆனி மாதம் கிருஷ்ணகிரியில் மாங்கனிக் கண்காட்சி மேடை, ஆடியில் ஒகேனக்கல் ஆடிப்பெருக்கு விழா, அம்மன் கோயில் கூழ் ஊற்றுகிற ஊர்கள். புரட்டாசியில் சும்மா இருக்கணும், மார்கழியிலும் அப்படித்தான். நடுவில் கல்யாண வரவேற்புகள் கை கொடுக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை என்பதால், பாட்டுக் கச்சேரி தாமதமானால் முதலில் வெட்டுப்படுவது நம் நேரம்தான். பேசின பணத்தில் பாதியை மேடை ஏறுமுன் வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்த பிறகு "பொருளாளர் தூங்கப் போயிட்டாரு" என்று சொன்ன விழாக் குழுவை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பணம் இன்னும் வரவில்லை.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, அது மதுரைக்காரருக்கோ திருச்சிக்காரருக்கோ கிடையாது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுவார்கள். அங்கே கன்னட நடிகர் ராஜ்குமார் குரலை இரண்டு வரி எடுத்துப் பாருங்கள், கன்னட வீட்டுப் பெரியவர்கள் எழுந்து வருவார்கள். அவர் பிறந்ததும் நம் தாளவாடிப் பக்கத்துக் காஜனூரில்தான். என்.டி.ராமாராவ் குரலும் அப்படியே. மூன்று பாஷைக்காரர்களும் ஒரே வாடகை வீட்டுக்குப் போட்டி போடுகிற ஸ்கிட் ஒன்றை எழுதினால், ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டரில் பெங்களூர். அங்கே நிகழ்ச்சிகளுக்குப் பஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை போய்விட்டுத் திங்கள் ஷிப்ட்டுக்குத் திரும்பிவிடலாம்.

யூடியூபில் போடலாமா என்று கேட்பீர்கள். போடுங்கள். ஆயிரம் சப்ஸ்கிரைபரும், அதோடு ஒரு வருஷத்தில் நாலாயிரம் மணி நேரப் பார்வையோ தொண்ணூறு நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வையோ சேர்ந்தால்தான் விளம்பரக் காசு வரத் தொடங்கும். பட இசையைப் பின்னணியில் போட்டால் அந்தக் காசும் பாட்டுக் கம்பெனிக்குப் போகும். முப்பது வினாடி வீடியோவில் குரல் வரிசைதான் ஓடும், காட்சி நிற்காது. ஆகவே அதை ஆள் பிடிக்கிற விளம்பரமாக வைத்துக்கொண்டு, நீளமான ஸ்கிட்டை மேடையில் பழக்குங்கள். டிவியிலோ யூடியூபிலோ ஒருமுறை வெளியான சரக்கு மேடைக்குப் பழசாகிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். எங்கள் குழுவின் நல்ல ஸ்கிட் இரண்டை இப்படி இழந்திருக்கிறோம்.

கடைசியாக, கம்ப்யூட்டரே குரல் எடுக்கிற காலம் இது. 2024ல் 'லால் சலாம்' படப் பாட்டுக்காக, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவில் கொண்டுவந்தார் ஏ.ஆர்.ரஹ்மான், குடும்பத்தாரின் அனுமதியோடு. நடிகர் குரலைச் சுத்தமாக நகல் எடுப்பது ஒன்றே உங்கள் தொழில் என்றால், அந்த வேலையை இனி மெஷின் உங்களைவிடச் சுத்தமாகச் செய்யும். ஆனால் ரேஷன் கடையில் ரகுவரனை நிறுத்தணும் என்று அதற்குத் தோன்றாது. பென்னாகரம் மேடையில் முன் வரிசைப் பாட்டி இருமினால் அதையும் சேர்த்துக்கொண்டு அடுத்த வரியைத் தள்ளிப்போடவும் அதற்குத் தெரியாது.

ஆகவே தம்பி, ஒரு வருஷம் வேலையும் மேடையும் சேர்ந்தே ஓடட்டும். இருபது குரலில் ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மூச்சு வரைக்கும் பழகுங்கள். ஒவ்வொன்றுக்கும் எட்டு நிமிஷக் காட்சி ஒன்று எழுதுங்கள். பட வசனம் ஒரு வரிகூட வரக் கூடாது. அப்படி ஐந்து காட்சி கையில் இருந்து, ஒரே ஊர் இரண்டாவது வருஷமும் உங்களைக் கூப்பிட்டால், அப்போது வேலையைப் பற்றி மறுபடி பேசுவோம்.

தொடங்க ஒன்று தருகிறேன். உங்கள் ஷாப் ஃப்ளோரையே எடுத்துக்கொள்ளுங்கள். சூப்பர்வைசர் நாற்காலியில் நம்பியார். கையைப் பிசைந்துகொண்டு, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணால் பார்க்கிறார். எதிரில் லீவு கேட்டு நடுங்கிக்கொண்டு நிற்கிற ஹெல்பர். எல்லாரும் எதிர்பார்ப்பது மறுப்பையும் அந்தச் சிரிப்பையும்தான். ஆனால் நிஜ நம்பியார் யார்? வருஷா வருஷம் சபரிமலைக்கு மாலை போட்டுப் பலபேரை அழைத்துக்கொண்டு போன குருசாமி. ஹெல்பர் எதற்கு லீவு கேட்கிறான் என்பதை அவன் வாயிலிருந்து வர விடுங்கள். "சபரிமலைக்குங்க சார்." நம்பியாரின் கை பிசைவது நிற்கிறது. நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்திருக்கிறார். அதே உறுமல் குரல், ஒரு இழைகூட மாறாமல்: "இருமுடி... கட்டியாச்சா?"

இதற்கு அடுத்த வரியை நீங்கள் எழுதி அனுப்புங்கள்.